வளைகாப்புக்கு நாள் குறித்துவிட்ட மதுரைத் தம்பிமார்களுக்கு



வீட்டில் முயல் வளர்க்கிறீர்கள். மனைவி மாசமாக இருக்கிறாள். வளைகாப்புக்கு நாளும் குறித்தாகிவிட்டது. அப்படிப்பட்ட உங்களுக்காகத்தான் இந்த மடல். உங்கள் மனைவிமாருக்கு நான் எழுதவில்லை. இத்தனை மாதங்களில் மாமியார், மதினி, பக்கத்து வீடு என்று அவர்கள் கேட்ட புத்திமதியே போதும். இனி முயல் ட்ரேயை அள்ளப்போவது நீங்கள். அதனால் உங்களிடம் பேசுகிறேன். முயல் வளர்த்த வீட்டிலேயே பிள்ளையும் பெற்று வளர்த்தவள் என்ற உரிமையில் பேசுகிறேன்.

நம் ஊரில் இது எப்படித் தொடங்கும் என்பது உங்களுக்கே தெரியும். வீட்டில் ஏதாவது பிராணி உண்டா என்று செக்கப்பில் டாக்டர் கேட்பார். முயல் என்று சொன்னதும் கூட வந்த பெரியவர்களின் முகம் மாறும். அன்று ராத்திரியே பேச்சு எழும்: "அந்த மூத்திர வாடையும் முடியும் பிள்ளைத்தாச்சிக்கு ஆகாது. யாருக்காவது குடுத்துரு. இல்லேன்னா அழகர்கோயில் அடிவாரத்துல விட்டுட்டு வந்துரு." பெரியவர்களின் பயத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். வயிற்றுப் பிள்ளையைத் தாக்கும் ஒரு நோய் நிஜமாகவே இருக்கிறது. ஆனால் அந்தப் பழி முயல் மேல் விழுவது நியாயமில்லை.

அந்த நோயைக் கொண்டுவருவது டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி. மாசமாக இருக்கும்போது முதல்முறையாக அது தொற்றினால் கரு கலையலாம், குழந்தையின் கண்ணும் மூளையும் பாதிக்கப்படலாம். 1908ஆம் ஆண்டு துனிஸ் நகரில் நிக்கோல், மான்சோ என்ற இருவர் ஒரு காட்டுக் கொறிப்பிராணியின் உடம்பில் இதைக் கண்டார்கள். அதே ஆண்டு பிரேசிலின் சாவோ பாலோவில் ஸ்ப்ளெண்டோர் என்பவர் கண்டது ஒரு முயலின் உடம்பில். ஆக இந்த நோயின் வரலாற்றில் முதல் பக்கத்திலேயே முயல் வந்துவிட்டது. அது எப்படிப் பரவுகிறது என்ற முடிச்சு அவிழ இன்னும் அறுபது வருஷம் ஆனது. 1970 வாக்கில்தான் விடை கிடைத்தது. இந்த ஒட்டுண்ணியின் முட்டையை மலத்தில் வெளியேற்றுவது பூனை இனம் மட்டுமே. முயலுக்கும் இது தொற்றும், அதன் கறியிலும் இருக்கலாம். ஆனால் புழுக்கை வழியாக அதைப் பரப்ப முயலால் முடியாது.

அப்படியானால் உங்கள் வீட்டில் பயப்பட வேண்டிய இடம் எது? முதலில் அடுப்படி. ரத்தம் ஊறட்டும் என்று பிள்ளைத்தாச்சிக்கு ஆட்டுச் சுவரொட்டியும் ஈரலும் வாங்கிக் கொடுப்பது நம் பக்கத்து வழக்கம். பாசத்தோடு செய்வதுதான். ஆனால் "லேசா வதக்கினாத்தான் சத்து" என்று அரைவேக்காட்டில் இறக்கிவிடுகிறார்கள். ஆட்டுக்கறி இந்த ஒட்டுண்ணி வரும் வழிகளில் ஒன்று. உள்ளே சிவப்பு தெரியாமல் வெந்தால் பயமில்லை. அடுத்தது, பக்கத்தில் வீடு கட்டுகிறவர்கள் கொட்டிவைத்த மணல் குவியலும் மாடியில் இருக்கும் பூந்தொட்டிகளும். தெருப்பூனைக்குக் கக்கூஸ் அதுதான். பூனை போட்ட முட்டை நோயைத் தரும் நிலைக்கு வர ஒன்றிலிருந்து ஐந்து நாள் ஆகும். அதன் பிறகு ஈரமண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும்.

முயல் வளர்க்கும் வீட்டில் பலரும் கவனிக்காத ஒன்று இங்கேதான் இருக்கிறது. முயலுக்காக வாய்க்கால் ஓரத்தில் பிடுங்கிவரும் அருகம்புல்லிலும், காலி மனையில் ஒடித்துவரும் கீரையிலும் பூனை போன மண் ஒட்டியிருக்கலாம். ட்ரேயை அள்ளுவதைவிடப் புல் பறிக்கப் போவதைத்தான் உங்கள் மனைவி முதலில் நிறுத்த வேண்டும். புல்லை நீங்கள் பறித்து, நீங்களே அலசி, ஈரம் வடித்துப் போடுங்கள்.

முயலால் எந்தத் தொந்தரவும் வராது என்று நான் சொல்லவில்லை. படர்தாமரை முயலிடமிருந்து மனிதருக்கு ஒட்டும். சொறிப்பூச்சியும் தற்காலிகமாக ஏறி அரிப்பு தரும். காது ஓரத்திலோ மூக்கைச் சுற்றியோ முடி கொட்டி, வெள்ளையாகத் தோல் உரிந்தால் இப்போதே மருத்துவம் பாருங்கள், பிள்ளை வரட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். மூத்திரத்தின் வழியே முயலுக்கு முயல் பரவும் ஒரு நுண்ணுயிரும் உண்டு. மனிதர்களில் அது தொல்லை கொடுத்ததெல்லாம் பெரும்பாலும் எதிர்ப்பு சக்தி மிகவும் குறைந்துபோனவர்களுக்குத்தான். இருந்தாலும் ட்ரேயைத் தொட்டவர் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் வேறு எதையும் தொடக்கூடாது. மூத்திரம் ஊறிக் கிடந்தால் எழும் அமோனியா நெடி மசக்கைக்காரியைக் குமட்ட வைக்கும். இழுப்பு உள்ளவர்களுக்கு மூச்சை அடைக்கும். முயலின் நுரையீரலையும் அதே நெடிதான் முதலில் கெடுக்கிறது.

இத்தனைக்கும் ஒரே பதில், ட்ரே உங்கள் பொறுப்புக்கு வருவதுதான். அதுவும் வளைகாப்புக்கு முன்னாலேயே வர வேண்டும். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளையல் அடுக்கி, தலைப்பிரசவத்துக்கு அவளை அம்மா வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். பிள்ளை பிறந்து மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோதான் திரும்பி வருவாள். அதுவரை வீட்டில் நீங்களும் முயலும் மட்டும்தான். அவள் கிளம்பிய மறுநாள் காலையில் ட்ரேயைப் பிடித்துக்கொண்டு அவளுக்கு போன் போட்டு என்ன செய்வது என்று கேட்கும் நிலை வேண்டாம். இப்போது, அவள் பக்கத்தில் உட்கார்ந்து வாயால் சொல்லித் தரும்போதே கற்றுக்கொள்ளுங்கள். அவளைக் குனிய விடாதீர்கள்.

முயல் எங்கே போகும் என்பதை நீங்கள் தீர்மானிக்க முடியாது. அது ஒரு மூலையைத் தேர்ந்தெடுக்கும். அந்த மூலைக்கு ட்ரேயைக் கொண்டுபோவதுதான் நம் வேலை. மத்தியானம் ஒரு பத்து நிமிஷம் சும்மா உட்கார்ந்து பாருங்கள். வைக்கோலை வாயில் இழுத்து மென்றுகொண்டே, பின்பக்கம் ஒவ்வொன்றாகப் புழுக்கை போட்டுக்கொண்டிருக்கும். தின்பதும் போடுவதும் அதற்கு ஒரே நேரத்து வேலை. இதைப் புரிந்துகொண்டாலே பாதிப் பழக்கம் வந்த மாதிரி. வைக்கோலையும் புல்லையும் ட்ரேக்குள்ளேயே ஒரு ஓரத்திலோ, ட்ரேயில் உட்கார்ந்தபடி வாய் எட்டும் உயரத்திலோ வையுங்கள். அது தானாக ஏறி உட்காரும்.

பூனைக்கென்று விற்கும் சின்ன ட்ரே நம் பக்கத்து முயல்களுக்குப் பத்தாது. கொடைக்கானல் மலையில் மன்னவனூரில், மத்திய செம்மறியாடு மற்றும் உரோம ஆராய்ச்சி நிறுவனத்தின் தென் மண்டல மையம் 1965 முதல் இருக்கிறது. ஒயிட் ஜெயண்ட், சோவியத் சின்சில்லா என்ற பெரிய இனங்களை அங்கே வளர்த்து விவசாயிகளுக்குக் கொடுக்கிறார்கள். அந்த மாதிரி இனத்து முயல் வளர்ந்தால் நாலு கிலோவைத் தொடும். அது உடம்பை நீட்டித் திரும்பிக்கொள்ளும் அளவுக்கு அகலமான பிளாஸ்டிக் டப் வேண்டும். ஏறி இறங்க ஒரு பக்கத்தை அறுத்துத் தாழ்த்தி, அறுத்த ஓரத்தைத் தேய்த்து மழுக்கிவிடுங்கள். அடியில் நாலைந்து மடிப்பு செய்தித்தாள், மேலே வைக்கோல். மேலூர், வாடிப்பட்டி, சோழவந்தான் பக்கம் அறுப்பு முடிந்ததும் வைக்கோலுக்குப் பஞ்சமே இல்லை. பூஞ்சை பிடித்துக் கறுத்த கட்டு வேண்டாம். கையில் உதறினால் தூசி பறக்கிற கட்டும் வேண்டாம். உமியும் மரத்தூளும் மூக்கில் ஏறும். பிளைவுட் அறுத்த தூளில் பசை கலந்திருக்கும், அதை வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது.

தினமும் காலையில் நனைந்த மூலையை மட்டும் தாளோடு சுருட்டி எடுத்துவிட்டுப் புதிது போடுங்கள். ஒரு கைப்பிடி பழைய வைக்கோலை மட்டும் விட்டுவையுங்கள். அந்த வாடைதான் அதற்கு அடையாளம். மொத்தமாகக் கழுவித் துடைத்துவிட்டால் இடம் தெரியாமல் கட்டிலுக்கடியில் போகும். வாரத்துக்கு ஒருமுறை, அந்தக் கைப்பிடி வைக்கோலை எடுத்துவைத்துக்கொண்டு, ட்ரேயை முழுதாகக் கழுவ வேண்டும். அப்போது அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு மாதிரி ஒரு படிவு தெரியும். முயல் தின்னும் சுண்ணாம்புச் சத்தில் மிஞ்சியது மூத்திரத்தில்தான் போகும், அதனால்தான் மூத்திரம் கலங்கலாக இருக்கிறது. பிரஷ்ஷை வைத்து எவ்வளவு தேய்த்தாலும் இந்தப் படிவு போகாது. பித்தளைச் சாமான் துலக்க அம்மா கரைத்துவைக்கும் பழைய புளியை எடுத்து அப்பி, அரை மணி நேரம் விடுங்கள். நுரைத்து இளகும். தேங்காய் நாரால் ஒரு இழுப்பு இழுத்தால் பாளமாகப் பெயர்ந்து வரும். வினிகரும் இதே வேலையைச் செய்யும்.

பிளீச்சிங் பவுடர் மட்டும் வேண்டவே வேண்டாம். மூத்திரத்தின் அமோனியாவோடு சேர்ந்து அது மூச்சை எரிக்கும் வாயுவாக மாறும். மூடிய பாத்ரூமில் இது பெரியவர்களுக்கே ஆபத்து. பினாயிலும் கூண்டுப் பக்கம் வேண்டாம். வாடைக்கு மருந்து என்று மூலைக்கு மூலை அந்துருண்டை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். தம்பிமார்களே, இதைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், அந்துருண்டையை வீட்டிலிருந்தே எடுத்துவிடுங்கள். அதில் இருக்கும் நாப்தலீன் முயலுக்கு விஷம். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாட்டோடு பிறக்கும் குழந்தைக்கு அதன் நெடியே ரத்தச் சிவப்பணுக்களை உடைத்து மஞ்சள் காமாலையை முற்றச் செய்துவிடும். உங்கள் குழந்தைக்கு அந்தக் குறை இருக்கிறதா இல்லையா என்று பிறக்கும் முன் உங்களுக்குத் தெரியாது. துணி பீரோவிலும் அந்துருண்டை வேண்டாம்.

தனியாக இருக்கும்போது ஒருநாள் முயலின் மூத்திரம் செங்கல் நிறத்தில் கிடப்பதைப் பார்த்துப் பதறுவீர்கள். கீரையிலும் கிழங்கிலும் உள்ள நிறம் அப்படி இறங்குவது உண்டு, ஓரிரு நாளில் தெளிந்துவிடும். முக்கி முக்கிப் போனாலோ, திட்டுத் திட்டாக ரத்தம் தெரிந்தாலோ அது வேறு விஷயம், டாக்டரிடம் போக வேண்டும். விடிகாலையில் திராட்சைக் கொத்து மாதிரி பளபளப்பாக, மெத்தென்று, நாற்றத்தோடு ஒன்று கிடந்தால் வயிற்றுப்போக்கு என்று நினைத்துவிடாதீர்கள். பெருங்குடலில் புளித்து வரும் சத்து அது, முயல் அதைப் பின்பக்கத்திலிருந்தே வாயால் எடுத்துத் தின்றுவிடும். தின்னாமல் விட்டிருக்கிறது என்றால் பிஸ்கட், ரொட்டி, கேரட் அதிகமாகி வைக்கோல் குறைந்திருக்கிறது என்று அர்த்தம். பாசத்தில் பிஸ்கட் கொடுக்கும் கையை அடக்குங்கள்.

பழக்கிய முயலே திடீரென்று சுவரெல்லாம் பீய்ச்சத் தொடங்கினால், பெரும்பாலும் அது வயசுக்கு வந்துவிட்டது. நாலிலிருந்து ஆறு மாதத்தில் வந்துவிடும். தன் எல்லையைக் காட்ட ஆணும் பெண்ணும் இதைச் செய்யும். கருத்தடை செய்வதுதான் வழி. செய்து ஒரு மாதம் போல ஆன பிறகுதான் பழக்கம் அடங்கும் என்பதால் முன்கூட்டியே திட்டமிடுங்கள். பெண் முயலுக்கு வயதானால் கர்ப்பப்பையில் புற்று வருவது சகஜம், அதையும் இந்த அறுவை தடுக்கும். தல்லாகுளம் கால்நடை மருத்துவமனையில் முதலில் கேட்டுப் பாருங்கள். வெளியே எங்கே போனாலும் முயலுக்கு அறுவை செய்து பழகிய டாக்டர்தானா என்று விசாரியுங்கள். முயலுக்கு வாந்தி எடுக்க வராது, அதனால் அறுவைக்கு முன் பட்டினி போடச் சொல்லமாட்டார்கள். பட்டினி போட வேண்டுமா என்ற இந்த ஒரு கேள்வியைக் கேட்டாலே டாக்டருக்கு முயல் பழக்கமா என்பது தெரிந்துவிடும். ஆணும் பெண்ணும் ஒரே கூண்டில் இருந்தால் இன்றைக்கே பிரித்து வையுங்கள். 31 நாளில் குட்டி போடும், போட்ட அன்றே மறுபடி சினைப்படும்.

வெயிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மன்னவனூர் 2,000 மீட்டர் உயரத்தில் குளிரும் இடம். அங்கே சுகமாக இருக்கும் இனம் மதுரையின் சித்திரை வெயிலில் தவிக்கும். 30 டிகிரிக்கு மேல் அதற்குச் சிரமம், 35ஐத் தாண்டினால் ஆபத்து. வாடைக்காகக் கூண்டை மாடிக்கு ஏற்றி, தகரக் கூரைக்கு அடியில் வைப்பது கொலைக்குச் சமம். வீட்டுக்குள்ளேயே காற்றோட்டமான வராந்தாவோ பின்கட்டோ போதும். மத்தியானத்தில் பாட்டிலில் தண்ணீரை உறைய வைத்துத் துணி சுற்றிப் பக்கத்தில் வையுங்கள், அதில் சாய்ந்து படுத்துக்கொள்ளும்.

இடத்தை மாற்றுவதாக இருந்தால் இப்போதே மாற்றுங்கள். பிள்ளை பிறக்குமுன் தொட்டிலும் துணியும் வாங்கிவைப்பது நம் வழக்கம் இல்லை. அதனால் உங்கள் முயல் ஒரே நாளில் எல்லாவற்றையும் புதிதாகப் பார்க்கப் போகிறது. அன்றைக்கு ட்ரேயும் இடம் மாறியிருந்தால் பழக்கம் நிச்சயம் கெடும். தாயும் பிள்ளையும் படுக்கப்போகும் அறையை இந்த வாரத்திலிருந்தே முயலுக்கு அடைத்துவிடுங்கள். ட்ரேயை ஒரேயடியாகத் தூக்காமல், தினம் ஓரடி ஓரடியாக நகர்த்துங்கள்.

அறையை ஏன் அடைக்கச் சொல்கிறேன் என்றால், முயலுக்கு மெத்தென்ற இடம் கண்டால் மூத்திரம் போகத் தோன்றும். பிள்ளைக்கென்று அப்பத்தா கிழித்து, துவைத்து, மடித்து அடுக்கிவைத்திருக்கும் பழைய வேட்டித் துணிதான் அதன் கண்ணில் முதலில் படும். தூளியின் நுனி தரையைத் தொடும்படி தொங்கினால் கடித்து இழுக்கும். சார்ஜர் வயரையும் விடாது. பிள்ளையைக் குளிப்பாட்டியதும் சாம்பிராணி போடுவீர்கள். முயல் மூக்கால் மட்டுமே மூச்சு விடும் பிராணி, புகை தாங்காது. அந்த நேரம் அதைப் பின்கட்டில் விட்டுக் கதவைச் சாத்துங்கள். பிள்ளை தவழத் தொடங்கும்போது தரையில் உருளும் புழுக்கையை எடுத்து வாயில் போட்டுக்கொள்ளும். எவ்வளவு நல்ல முயலானாலும் ஒன்றிரண்டு வெளியே சிந்தத்தான் செய்யும். அந்த நாள் வருமுன் முழங்கால் உயரத்துக்கு ஒரு தடுப்புப் பலகை அடித்துவிடுங்கள்.

கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று இன்னும் யாராவது சொன்னால் நிதானமாக எடுத்துச் சொல்லுங்கள். வீட்டு முயல் ஐரோப்பாவிலிருந்து வந்த இனம். நம் கரட்டுக் காட்டு முயல் வேறு இனம், அது வளை தோண்டாது, புதரோரத்தில் பதுங்கிக் கிடக்கும், அதன் குட்டி முடியோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். வெள்ளை நிறத்தில், மனிதர் கையில் தின்று பழகிய முயலை அழகர்மலை அடிவாரத்திலோ நாகமலைப் பக்கத்திலோ விட்டால், நாயோ கீரியோ அடித்து ஒரு ராத்திரி தாண்டாது. பசியிலும் தாகத்திலும் வாடும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட. உண்மையிலேயே வைத்துக்கொள்ள முடியாத நிலை வரலாம், மனைவிக்கு முயல் முடியால் இழுப்பு வருகிறது என்று டாக்டரே சொல்லலாம். அப்போது வளர்க்கத் தெரிந்த ஒரு வீட்டைத் தேடி, ட்ரேயோடும் பாதி அழுக்கு வைக்கோலோடும் சேர்த்தே கொடுங்கள். புது இடத்திலும் பழக்கம் கெடாது.

அள்ளிய புழுக்கையை வீணாக்காதீர்கள். ஆட்டெரு போல மட்க வைக்கக்கூட வேண்டியதில்லை, நேராக மல்லிகைத் தொட்டியில் போடலாம், சூடு பிடிக்காது. மிச்சம் மாநகராட்சி வண்டியில் மக்கும் குப்பையோடு போகட்டும்.

கடைசியாக, பிரசவ நாள். வலி கண்டுவிட்டது என்று நடுராத்திரி போன் வரும், நீங்கள் போட்டது போட்டபடி பெரியாஸ்பத்திரிக்கோ மாமனார் ஊருக்கோ ஓடுவீர்கள். இரண்டு நாள் வீடு பூட்டிக் கிடக்கும். முயல் நாள் ஒன்றுக்கு இருநூறு முந்நூறு புழுக்கை போடும் பிராணி. பன்னிரண்டு மணி நேரம் அது தின்னவும் இல்லை, ட்ரேயில் புழுக்கையும் இல்லை என்றால் குடல் நின்றுபோகிறது என்று அர்த்தம், அன்றைக்கே டாக்டரிடம் போனால்தான் பிழைக்கும். ஆகவே பக்கத்து வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் சாவி ஒன்றை இப்போதே கொடுத்துவையுங்கள். வைக்கோல் எங்கே, தண்ணீர் எங்கே என்று காட்டிக் கொடுங்கள். காலையிலும் சாயங்காலமும் ட்ரேயை எட்டிப் பார்த்து, புழுக்கை இருக்கிறதா என்பதை மட்டும் உங்களுக்கு ஒரு வார்த்தை போனில் சொல்லச் சொல்லுங்கள். டாக்டரின் நம்பரை ட்ரேக்கு மேலே சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
பழங்காநத்தத்திலிருந்து
உங்கள் அக்கா